சிரிப்பு மேடையின் கதை – 11: மணலைத் தேய்த்த கால்கள்

சென்ற அத்தியாயத்தில் மியூசிக் ஹால் என்ற இங்கிலாந்துக் கேளிக்கை மேடையில் பாடிய மேரி லாயிடையும் மற்ற பாட்டுக்காரர்களையும் பார்த்தோம். லண்டன் தெருவெல்லாம் முணுமுணுத்த பாட்டுகள் அவை. 1922-ல் லாயிட் இறந்தபோது சவ ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. இன்று அந்தக் காலத்து இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டால் ஆங்கிலேயருக்கே பாதி புரியாது. யாரை நக்கலடிக்கிறார்கள், எந்தச் சொல்லில் இரட்டை அர்த்தம், எந்த இடத்தில் கண்ணடித்திருப்பார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அதே மேடையில் அதே ராத்திரிகளில் சிலர் ஆடினார்கள். அவர்கள் ஆட்டத்தில் ஒன்றிரண்டு தற்செயலாகப் படச்சுருளில் சிக்கியிருக்கின்றன. அதை இன்று ஆறு வயதுப் பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள், சிரிப்பான். இங்கிலீஷ் தெரிய வேண்டாம், விக்டோரியா ராணி யார் என்று தெரிய வேண்டாம். பாட்டு செத்துப்போய் ஆட்டம் மட்டும் எப்படிப் பிழைத்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கதை பஞ்சாலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர். நம் ஊர் நெசவாளர் வயிற்றில் அடித்த அதே லங்காஷயர்தான். அங்கே ஆலைத் தொழிலாளிகள் போட்டது கட்டைச் செருப்பு. அடிப்பாகம் மரம், மேலே தோல். ஈரத் தரையில் ஊறாது, சீக்கிரம் தேயாது, விலையும் மலிவு. தறி ஓடும் சத்தத்துக்கு ஏற்றபடி தொழிலாளிகள் கால் தட்டிப் பழகியதிலிருந்துதான் இந்த ஆட்டம் பிறந்தது என்று அந்த வட்டாரத்தில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தட்டு மேலே தட்டாக, விரல்நுனியும் குதிகாலும் மாறி மாறிப் பேசும் ஆட்டம். போட்டிகள் நடக்கும். நடுவர்கள் சில போட்டிகளில் மேடைக்கு அடியிலோ திரைக்குப் பின்னாலோ உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவரின் முகமும் சட்டையும் அவர்களுக்குத் தேவையில்லை. காதில் விழும் தாளம் பிசகுகிறதா என்பதே கணக்கு.

1880-ல் லீட்ஸ் நகரத்தில் அப்படி ஒரு போட்டியில் உலகச் சாம்பியன் பட்டமும் பொன் வெள்ளி வேலைப்பாடு செய்த இடுப்புப் பட்டையும் வாங்கியவர் டான் லீனோ. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1885-ல் லண்டனுக்கு வந்து மேடை ஏறினார். இங்கேதான் ஒரு விசித்திரம். வடக்கே கால் தாளத்தை எண்ணி எண்ணி ரசித்த மாதிரி லண்டன்காரன் ரசிக்கவில்லை. நடுவில் அவர் பாடிய கோமாளிப் பாட்டுக்குத்தான் கைதட்டல். லீனோவும் காற்றடிக்கும் திசையைப் பார்த்துப் பாய் விரித்தார். நாளடைவில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, இங்கிலாந்தின் தலைசிறந்த கோமாளியாகி 1904-ல் நாற்பத்து மூன்று வயதில் இறந்தார். ஆனால் கோமாளித்தனம் செய்தபோதும் அந்தக் கால்கள் சாம்பியன் கால்கள்தான். ஆடத் தெரியாதவன் தடுக்கி விழுந்தால் அது விபத்து. ஆடத் தெரிந்தவன் தாளம் பிசகாமல் தடுக்கி விழுந்தால்தான் அது வித்தை.

அதே கட்டைச் செருப்பில் இன்னொரு பையனும் வளர்ந்தான். 'எய்ட் லங்காஷயர் லாட்ஸ்' என்று சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு ஆட்டக் குழு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1890-களின் கடைசியில் அதில் சேர்ந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். லங்காஷயரே அல்ல, தெற்கு லண்டன். பெயர் சார்லி சாப்ளின். அவரிடம் பின்னால் வருவோம்.

இப்போது லிட்டில் டிச். இயற்பெயர் ஹாரி ரெல்ஃப். 1867-ல் கென்ட் மாவட்டத்தில் கட்ஹம் என்ற கிராமத்தில் ஒரு மதுக்கடைக்காரரின் பதினாறாவது பிள்ளையாகப் பிறந்தார். அப்போது அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. பையன் நாலரை அடிக்கு மேல் வளரவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் கூடுதல். அந்தச் சமயம் டிச்போர்ன் வழக்கு என்று ஒரு வழக்கு நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய குடும்பத்தின் காணாமல் போன வாரிசு நான்தான் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நின்ற ஒரு கசாப்புக்காரரின் வழக்கு. மனிதர் மலை மாதிரி பருமன். குண்டுக் குழந்தையாக இருந்த ஹாரிக்கு அவர் பெயரையே சுருக்கி வைத்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, உடம்புதான் அந்தப் பக்கம் போகவில்லை.

குள்ளமும் ஆறு விரலும். இப்படிப்பட்டவரைக் காட்சிப்பொருளாக நிறுத்திக் காசு பறிக்கும் கூடாரங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த வாசலை மிதிக்காமல் தப்பிக்க டிச் கண்ட வழி நீளமான பூட்ஸ். அடிப்பாகம் இருபத்தெட்டு அங்குலம், ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர். அவருடைய உயரத்தில் பாதிக்கு மேல்.

1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒலியையும் படத்தையும் சேர்த்துக் காட்டும் புதுமை ஒன்று வந்தது. 'ஃபோனோ-சினிமா-தியேட்டர்' என்று பெயர். அதற்காக கிளெமான் மொரிஸ் என்பவர் டிச்சின் பூட்ஸ் ஆட்டத்தைப் படம் பிடித்தார். சில நிமிடம்தான் ஓடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கிறது.

முதலில் அந்தப் பூட்ஸ் தடங்கல் மாதிரிதான் தெரியும். இதைப் போட்டுக்கொண்டு எப்படி நடப்பார் என்று நாம் யோசிக்கிறோம். பட்டென்று தரையில் ஒரு அறை. மனிதர் முன்னால் சாய்கிறார். இன்னும் சாய்கிறார். நம் உடம்பு இருந்தால் மூக்கு உடைந்திருக்கும். அவர் விழவில்லை. காலுக்கு முன்னால் அத்தனை நீளத்துக்குப் பலகை இருப்பதால் உடம்பின் பாரம் எவ்வளவு முன்னால் போனாலும் கீழே தாங்க இடம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சாய்ந்த உடம்பைத் திரும்ப நிமிர்த்துவது கணுக்காலும் கெண்டைக்காலும் செய்ய வேண்டிய வேலை. பௌதிகம் பாதி, தேகப்பயிற்சி பாதி. கீழே விழுந்த தொப்பியோடு ஒரு மல்லுக்கட்டு. கடைசியில் ஒரு எம்பு எம்பி, இரண்டு பூட்ஸின் நுனி மேலேயும் செங்குத்தாக ஏறி நிற்கிறார். ஒரு கணம் அந்தக் குள்ள மனிதர் மேடையிலேயே உயரமானவர். அங்கே முதலில் வருவது சிரிப்பா, திகைப்பா என்று சொல்ல முடியாது. பார்க்கிறவனுக்கு அதைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்காது.

பாரிஸ் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஓவியர் துலூஸ்-லோத்ரெக் அவருக்கு நண்பர். ரஷ்யப் பாலே மேதை நிஜின்ஸ்கி அவரை மகா கலைஞர் என்று மதித்தார். 1910-ல் பிரெஞ்சு அரசு கௌரவ விருது கொடுத்தது. பிற்காலத்தில் ஜாக் தாத்தி என்ற பிரெஞ்சு இயக்குநர், திரையில் வந்த நகைச்சுவைக்கெல்லாம் அஸ்திவாரம் இந்தச் சில நிமிடப் படம்தான் என்கிற மாதிரிப் பேசியிருக்கிறார். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் சொன்னவர் தாத்தி. சொல்ல உரிமை உள்ளவர்.

1988-ல் மைக்கேல் ஜாக்சன் 'ஸ்மூத் கிரிமினல்' பாட்டில் இதே மாதிரி நாற்பத்தைந்து பாகை சாய்ந்து நின்று உலகத்தை வாய் பிளக்க வைத்தார். படத்தில் கம்பி கட்டித்தான் சாய்ந்தார். பிறகு அதை மேடையிலேயே செய்ய, தரையில் நீட்டிய ஆணியில் குதிகாலை மாட்டும் ஒரு காலணியைச் செய்து 1993-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். டிச்சுக்கு ஆணியும் இல்லை, காப்புரிமையும் இல்லை. 1928-ல் இறந்தார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த மூவர். வில்சன், கெப்பல், பெட்டி.

ஜாக் வில்சன் லிவர்பூல்காரர். ஜோ கெப்பல் அயர்லாந்தின் கார்க் நகரத்தவர். இருவரும் முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலியாவில் ஒரு சர்க்கஸில் சேர்ந்தவர்கள். அங்கிருந்து அமெரிக்கா போய், அங்கே மியூசிக் ஹாலுக்கு இணையான வாட்வில் மேடைகளில் கட்டைச் செருப்பாட்டமும் டாப் டான்ஸும் ஆடிப் பிழைத்தார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக ஆடுகிறவர்கள் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 1928-ல் கான்சஸ் மாநிலத்துப் பெண் பெட்டி நாக்ஸ் சேர்ந்தார். மூவரும் 'கிளியோபாட்ராவின் கெட்ட கனவு' என்ற உருப்படியை உருவாக்கினார்கள்.

அந்தக் காலத்துக்கு எகிப்துப் பைத்தியம் பிடித்திருந்தது. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்ததிலிருந்து சிகரெட் டப்பா, சினிமாக் கொட்டகை, பெண்கள் போடும் வளையல் எல்லாவற்றிலும் எகிப்துதான். இவர்கள் அதை எப்படிக் கலந்தார்கள் என்று பாருங்கள். கல்லறைச் சுவரோவியத்தில் இருக்கிற மாதிரி முகமும் காலும் பக்கவாட்டில், தோள் நேரே, கை முழங்கையில் மடங்கி. அது பரோவா காலம். தலையில் குஞ்சம் வைத்த துருக்கிக் குல்லா. அதற்கும் பரோவாவுக்கும் மூவாயிரம் வருஷ இடைவெளி. பின்னணி இசை பிரெஞ்சுக்காரர் லூயிஜினி 1875-ல் எழுதிய 'எகிப்தியப் பாலே'. ஆடுகிறவர்கள் லிவர்பூல், கார்க், கான்சஸ். இதில் எகிப்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கேயும் இல்லை. 1882 முதல் எகிப்தை ஆக்கிரமித்து உட்கார்ந்திருந்த தேசத்தின் மேடையில் எகிப்து இப்படி ஒரு கந்தரகோளமாக வந்ததில் ஆச்சரியமும் இல்லை.

ஆட்டத்துக்கு வருவோம். இரண்டு ஆண்களும் ஒட்டடைக் குச்சி. தொடை வரை ஏறிய சின்னச் சட்டை, அதற்குக் கீழே நெடுநெடுவென்று வெற்றுக்கால். ஒரே மாதிரி ஒட்டு மீசை. எவர் வில்சன், எவர் கெப்பல் என்று பழகினவர்களுக்கே குழம்பும். மேடையில் விரித்த பலகை மேல் சடங்கு செய்கிற பாவனையில் மணலைத் தூவுகிறார்கள். இசை அடங்கி ஒலிக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு, கால் தூக்காமல் மணலைத் தேய்த்தபடி நகர்கிறார்கள். சர்... சர்... சரக். கட்டைச் செருப்பின் தட்டோசைக்குப் பதில் உரசல் ஓசை. நாலு கால் தேய்த்தாலும் காதில் விழுவது ஒரே சத்தம். மணல் ஈரமாக இருந்தால் ஒலிக்காது, கனமாகத் தூவினால் கால் புதையும். ஒரு மயிரிழை தப்பினால் இரண்டு சத்தம் கேட்டுவிடும். கேட்பதில்லை.

முகம்? அதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு பேர் முகத்திலும் ஒரு சலனம் கிடையாது. பரம்பரைப் பூசாரிகள் கர்ப்பகிருகத்தில் நிற்கிற கண்ணியம். தாங்கள் செய்வது வேடிக்கை என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாத மாதிரி. நடுவில் எப்போதோ ஒருவர் மற்றவரைக் கடைக்கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான். கூடவே மடக்குப் படிக்கட்டு ஒன்றையும் வைத்து அதில் ஏறி இறங்கித் தட்டும் ஆட்டமும் உண்டு. அதில் அவர்களுடைய டாப் டான்ஸ் தேர்ச்சி பளிச்சென்று தெரியும்.

இந்த மணலாட்டத்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் மணல் தூவி ஆடும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன் ஆடியதை 1943-ல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில் இன்றும் பார்க்கலாம். பிரிட்டிஷ் மேடையில் மெதுநடை ஆட்டத்தால் பேர் வாங்கிய யூஜின் ஸ்ட்ராட்டன் ஒரு வெள்ளைக்காரர், முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடியவர். லிட்டில் டிச்சே சின்ன வயதில் கரி பூசித்தான் மேடை ஏறினார். இந்த ஆட்டங்களைக் கொண்டாடுகிற புத்தகங்கள் இந்த இடத்தை ஓரிரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. கால் வித்தை கறுப்பர்களுடையது, சம்பளமும் சுவரொட்டியும் பெரும்பாலும் மற்றவர்களுக்கு. ரசிக்கிறபோது இதையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பது நல்லது என்பது என் கட்சி.

1932-ல் மூவரும் லண்டன் பலேடியம் அரங்குக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய முப்பது வருஷம் இறங்கவில்லை. அரச குடும்பத்துக்கு முன்னாலும் ஆடினார்கள். 1936-ல் பெர்லினில் ஆடியபோது அந்த வெற்றுக்கால்கள் ஜெர்மானிய இளைஞர்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் முகம் சுளித்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையைத் தலைப்பாக்கி ஆலன் ஸ்டாஃபோர்ட் இவர்கள் வரலாற்றை எழுதினார். 'நாஜிகளே தாங்காத அம்மணம்' என்கிற தோரணையில் ஒரு தலைப்பு. புத்தகம் வந்த வருஷத்தின் விநோதமான தலைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

பெட்டி நாக்ஸ் கதை தனி. 1941-ல் ஆட்டத்தை விட்டுவிட்டு லண்டன் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் எழுதப் போனார். நார்மண்டி போர்முனைக்குச் செய்தியாளராகப் போனார். நியூரம்பெர்க் விசாரணையிலும் உட்கார்ந்து எழுதினார். நேற்று வரை கிளியோபாட்ரா, இன்று நாஜித் தலைவர்கள் கூண்டில் நிற்பதைக் குறிப்பெடுக்கிற நிருபர். அவர் விட்டுப்போன இடத்துக்கு அவருடைய மகள் பாட்ஸி வந்தார். பாட்ஸிக்குப் பிறகு வேறொருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர். யார் வந்தாலும் சுவரொட்டியில் 'பெட்டி'தான். பெட்டிகள் மாறினார்கள். அந்த நாலு கால்கள் மாறவில்லை.

முப்பது வருஷம் ஒரே உருப்படி. இது எப்படிச் சாத்தியம்? அந்தக் காலத்து மேடை நடந்த விதம் அப்படி. மாஸ், ஸ்டோல் போன்ற கம்பெனிகளுக்கு ஊருக்கு ஊர் அரங்கு இருந்தது. கலைஞர் திங்கட்கிழமை ஒரு ஊரில் இறங்கி, ராத்திரிக்கு இரண்டு ஆட்டம் வீதம் சனிக்கிழமை வரை ஆடி, ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து அடுத்த ஊர் போவார். ஒரு ஆட்டக்காரருக்குக் கிடைப்பது பத்து நிமிடம் சொச்சம். அதே ஊருக்கு அவர் மறுபடி வர ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும். அதனால் புதிதாக எதுவும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வந்தவன் கேட்பதும் பழையதைத்தான், போன தடவை சிரித்த இடத்தில் இந்தத் தடவையும் சிரிக்க. ஒரே கீர்த்தனையை ஆயுள் முழுக்கப் பாடிய வித்வானிடம் சங்கதிகள் தன்னால் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும் அல்லவா, அப்படித்தான் இதுவும். எந்த இடத்தில் அரைக் கணம் நிறுத்தினால் பின்வரிசை வெடிக்கும் என்பதைக் காலே கற்றுக்கொண்டது. சிரிப்பு வராத அசைவெல்லாம் வாராவாரம் உதிர்ந்துபோனது. நம் கைக்கு வந்திருக்கும் படச்சுருளில் இருப்பது, எத்தனையோ ராத்திரிகளில் ஜனம் சலித்து எடுத்துக் கொடுத்த மிச்சம்.

பாட்டுக்கு இந்த யோகம் இல்லை. பாட்டு அன்றைய செய்தியைத் தின்று வளர்ந்தது, செய்தி பழசானதும் பட்டினி கிடந்தது. காலுக்குச் செய்தி தேவைப்படவில்லை. பூமி கீழே இழுக்கிறது, மனிதன் விழாமல் நிற்கப் பார்க்கிறான். டிச் காலத்திலும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

1955 செப்டம்பரில் பிரிட்டனில் வணிகத் தொலைக்காட்சி வந்தது. வந்த முதல் வாரத்திலேயே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பலேடியம் மேடையை வீட்டுக்குள்ளேயே காட்டினார்கள். முப்பது வருஷம் ஊர் ஊராகச் செலவழிக்க வேண்டிய உருப்படியை ஒரே ராத்திரியில் தேசம் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டது. அடுத்த வாரம் புதிதாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டது. பெரும்பாலானவர்களிடம் பதில் இல்லை. அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின, சில சூதாட்டக் கூடங்களாக மாறின. வில்சனும் கெப்பலும் 1960-களின் தொடக்கத்தில் மணலைக் கூட்டி அள்ளிவிட்டு ஓய்வெடுத்தார்கள். வில்சன் 1970-லும் கெப்பல் 1977-லும் இறந்தார்கள்.

சினிமாவுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். 1925-ல் வந்த 'தி கோல்ட் ரஷ்' படத்தில் சாப்ளின் இரண்டு முள்கரண்டியில் இரண்டு ரொட்டியைக் குத்தி மேஜை மேல் ஆட வைப்பாரே, அதை உற்றுப் பாருங்கள். மெல்லிய கால், நுனியில் பெரிய பூட்ஸ். லிட்டில் டிச்சை மேஜை மேல் ஏற்றியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அந்த ரொட்டி வித்தையை அவருக்கு முன்பே 1917-ல் இன்னொரு சினிமாக் கோமாளி ஆர்பக்கிள் செய்துவிட்டார். ஆனால் ஆர்பக்கிள் செய்தது ரொட்டி விளையாட்டு. சாப்ளின் செய்ததில் ஒரு ஆட்டக்காரன் இருக்கிறான், தோள்பட்டை அசைவு முதற்கொண்டு. கிளாஸ்கோ மியூசிக் ஹாலில் தொடங்கிய ஸ்டான் லாரல், 1937-ல் வந்த 'வே அவுட் வெஸ்ட்' படத்தில் ஹார்டியோடு மதுக்கடை வாசலில் ஆடுகிற ஆட்டமும் இதே வம்சம்தான். கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாட்டு காதில் விழுந்தது, ஆடினார்கள்.

பி.பி.சி. 1953 முதல் 1983 வரை லீட்ஸ் நகரத்துப் பழைய அரங்கிலிருந்து 'தி குட் ஓல்ட் டேஸ்' என்று ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. பார்வையாளர்கள் எட்வர்டு ராஜா காலத்து உடை போட்டுக்கொண்டு வந்து உட்கார வேண்டும். அதில் பாட்டும் இருந்தது, ஆட்டமும் இருந்தது. பாட்டைக் கூடவே பாடி ரசித்தார்கள், பழைய நினைவுக்காக. எனக்கு அந்த மாறுவேட ஏக்கத்தில் அவ்வளவு மரியாதை இல்லை. இந்த ஆட்டங்கள் உயிரோடு இருந்தது தொப்பி போட்ட ரசிகர்களிடம் அல்ல. வேறு தொழிலுக்குப் போன காலாட்டக்காரர்களிடம்தான்.

1970-ல் 'மான்டி பைத்தான்' நிகழ்ச்சியில் ஜான் கிளீஸ் கோட்டும் வட்டத் தொப்பியுமாக, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், காலை நெஞ்சு உயரத்துக்கு வீசி வீசி அரசாங்க ஆபீசுக்கு நடந்து போனார். கோணல் நடைக்கென்று ஒரு அமைச்சகம், அதன் அதிகாரி அவர். பார்த்த பெரியவர்களுக்கு உடனே பழைய மேடைக் கோமாளி மேக்ஸ் வால் ஞாபகம் வந்திருக்கும். கறுப்பு இறுக்குக் கால்சட்டை, குட்டைக் கோட்டு, விறைத்த பரட்டை முடி, படகு மாதிரி பூட்ஸ். 'பேராசிரியர் வாலாஃப்ஸ்கி' என்ற வேஷத்தில் பியானோ வாசிக்க வந்துவிட்டு, பியானோவைச் சுற்றி நடப்பதிலேயே நேரத்தைக் கழித்தவர். தொலைக்காட்சி வந்து இந்தத் தலைமுறையே துடைத்தெறியப்பட்டபோது வாலும் சில வருஷம் காணாமல் போனார். திரும்பி வந்தார், ஆனால் கோமாளி மேடைக்கு மட்டும் அல்ல. 1970-களில் சாமுவேல் பெக்கெட்டின் நாடகத்தில், மேடையில் தனி ஆளாக. பூட்ஸ் போட்ட கோமாளியைத் தேடி பெக்கெட்டின் நாடகம் ஏன் வந்தது என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)